ஆளுக்கு ஒன்று வேண்டாம், நாலு பேருக்கு ஒன்று கொடுங்கள்

டேப்லட் என்றால் நம் ஊரில் முதலில் ஞாபகம் வருவது மாத்திரைதான். காலையில் ஒன்று, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று. பக்கத்து வீட்டுக்காரரோடு பங்கு போட்டுச் சாப்பிட முடியாது. அவரவர் நோய்க்கு அவரவர் விழுங்க வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்குள் வந்திருக்கும் இன்னொரு டேப்லட்டையும் நாம் மாத்திரை மாதிரியே நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் புகார். மேடையில் பேசுகிறவர் ‘ஒவ்வொரு மாணவர் கையிலும்’ என்கிறார். தனியார் பள்ளியின் விளம்பரப் பலகையும் அதையே சொல்கிறது. வீட்டுக்குள் வந்தால், “எதிர்வீட்டுப் பையனுக்கு வாங்கிக் குடுத்துட்டாங்க, நம்ம பிள்ளைக்கு எப்போ?” என்று ஒரு குரல். எல்லோருக்கும் கணக்கு ஒன்றுதான்: தலைக்கு ஒன்று.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் டேப்லட் வேண்டும். ஆனால் ஆளுக்கு ஒன்று வேண்டாம். நாலு பேருக்கு ஒன்று கொடுங்கள். காசு மிச்சமாகும் என்பது அப்புறம். ஆளுக்கு ஒன்று கொடுக்கும்போது தொலைந்துபோகிற ஒரு படிப்பு, நாலு பேருக்கு ஒன்று கொடுக்கும்போது கிடைக்கிறது. அதற்காகத்தான் கேட்கிறேன்.

“கஞ்சத்தனத்துக்கு ஒரு கட்டுரையா?” என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். சிரித்து முடித்ததும் என்னோடு புதுக்கோட்டைக்கு வாருங்கள்.

*

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவு இயக்கம்தான். ஆனால் கூடவே அவர்கள் ஒரு வேலை செய்தார்கள். கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள்.

சைக்கிள் ஓட்டுவது பெரிய விஷயமா என்று இன்று கேட்கலாம். ஸ்கூட்டியில் பறக்கிற காலத்தில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள். அன்றைக்குக் கிராமத்தில் ஒரு பெண் சைக்கிளில் ஏறினால் தெருவே நின்று பார்க்கும். கேலி, விசில், அசிங்கமான பேச்சு எல்லாம் உண்டு. அதையெல்லாம் தாண்டி ஒன்றரை வருடத்தில் ஒரு லட்சம் பெண்களுக்கு மேல் கற்றுக்கொண்டார்கள். 1992-ல் ஒரே வாரத்தில் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடத்தில் ஓட்டிக் காட்டினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் போய்ப் பார்த்து எழுதியதால்தான் வெளி உலகத்துக்கே இந்தக் கதை தெரிந்தது.

இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் பெண் விடுதலையைச் சொல்வார்கள். சரிதான். நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது வேறு ஒன்றை. அந்த ஒரு லட்சம் பெண்களுக்கு ஒரு லட்சம் சைக்கிள் இருந்ததா?

இல்லை. அன்று ஒரு சைக்கிளின் விலை 1,200 ரூபாய்க்கு மேல். ஒரு பள்ளி ஆசிரியையே வாங்க முடியாமல், தினமும் சாயந்திரம் அரை மணி நேரம் வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டியதாகச் சாய்நாத் எழுதியிருக்கிறார். ஆசிரியை கதை அது என்றால் கல்குவாரியில் வேலை செய்தவர்கள் கதை என்ன? லேடீஸ் சைக்கிள் போதாதபோது ஜென்ட்ஸ் சைக்கிளில் கற்றார்கள். முன்னால் பார் இருந்தால் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பினவர்களும் உண்டு.

சைக்கிள் பழகுகிறவர்களை எப்போதாவது நின்று பார்த்திருக்கிறீர்களா? ஓட்டுவது ஒருத்தி. பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவது இன்னொருத்தி. “ஹேண்டிலைப் பார்க்காதே, முன்னால ரோட்டைப் பாரு” என்று கத்துவது மூன்றாவது ஆள். தன் முறைக்குக் காத்திருந்துகொண்டே அடுத்தவள் எங்கே தப்பு பண்ணுகிறாள் என்று பார்த்து, ஏறுவதற்கு முன்பே பாதி கற்றுக்கொண்டுவிடுவது நான்காவது ஆள். ஒரு சைக்கிள், நாலு மாணவிகள். அந்த நாலு பேரும் ஆசிரியைகளும்கூட. நேற்று பழகியவள் இன்று கேரியரைப் பிடிக்கிறாள்.

ஒருவேளை அன்று அரசாங்கம் ஒவ்வொரு பெண்ணின் வீட்டு வாசலிலும் ஒரு சைக்கிளை இறக்கிவிட்டுப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? எனக்கு சந்தேகமே இல்லை. புருஷனோ அண்ணனோ எடுத்துக்கொண்டு போயிருப்பான். பெண்களைக் கூட்டமாகத் திரட்டிக் கூட்டமாகப் பழகவைத்ததால்தான் தெருவின் கேலி அடங்கியது. தனியாக ஒருத்தி ஓட்டினால் கேலி செய்கிறவன், நூறு பேர் ஓட்டினால் வழிவிட்டு நிற்பான்.

*

ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் படிப்பது மேல்நாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். இங்கிருந்து ஏற்றுமதி ஆனதுதான்.

ஆண்ட்ரூ பெல் என்று ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1789-ல் சென்னை எழும்பூரில் ஓர் அநாதைப் பிள்ளைகள் பள்ளிக்குப் பொறுப்பாளராக வந்தார். நம் ஊர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். ஆசிரியர்கள் முடியாது என்றதை அவன் செய்துகாட்டினான். பெல் ஊர் திரும்பி 1797-ல் இதைப் புத்தகமாகப் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்றே அதற்குப் பெயர். இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகள் அதைப் பின்பற்றின. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் பெயர் ‘மெட்ராஸ் காலேஜ்’.

நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை நான் கொண்டாட வரவில்லை. அவன் கையில் பிரம்பு இருந்தது. யார் திண்ணையில் ஏறலாம், யார் ஏறக் கூடாது என்பதும் அந்தப் பள்ளியில் எழுதாத சட்டம். எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுக்க முடியும். பிரம்பு இல்லாமல், சட்டாம்பிள்ளைப் பதவி இல்லாமல், மாற்றி மாற்றி.

இதை நாம் சமீபத்திலேயே செய்து பார்த்திருக்கிறோம். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். முயற்சியில் செயல்வழிக் கற்றல் வந்தது. ஆந்திராவின் ரிஷி வேலியில் உருவான முறையைப் பார்த்துத் தொடங்கியது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். அட்டைகள், ஏணிப்படி, சுவரில் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை. ஒரு குழுவுக்கு ஆசிரியர் உதவி, இன்னொரு குழுவுக்கு சக மாணவர் உதவி, வேறொரு குழு தானே படிக்கும். ‘சக மாணவர் உதவி’ என்பது பாடத்திட்டத்திலேயே ஓர் இடம் பிடித்திருந்தது.

அதில் குறை இல்லையா? இருந்தது. அட்டைகள் கிழிந்தன. மேலே இருந்து உத்தரவாக வந்ததால் சில இடங்களில் சடங்காகவும் ஆனது. 2022-ல் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்தார்கள். எது வந்தாலும் போனாலும் பாயில் வட்டமாக உட்காரும் பழக்கம் நம் தொடக்கப் பள்ளிகளுக்குத் தெரியும். கிழிந்துபோன அட்டையின் இடத்தில் ஒரு டேப்லட்டை வையுங்கள் என்றுதான் சொல்கிறேன். பாயைச் சுருட்டிவிட்டு டேப்லட்டைக் கொடுக்காதீர்கள்.

*

ஆளுக்கு ஒன்று கொடுத்த ஊர்களில் என்ன நடந்தது?

பெரு நாடு. ‘ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்’ என்ற உலகளாவிய திட்டத்தில் மற்ற நாடுகளைவிட அதிகமாக, எட்டு லட்சத்துக்கும் மேல் கருவிகள் வாங்கியது. 319 கிராமப்புறப் பள்ளிகளில் ஆராய்ச்சி செய்து 2012-ல் முடிவு வெளியிட்டார்கள். கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் தெரியவில்லை. பொது அறிவுத் திறனில் கொஞ்சம் ஏற்றம், அவ்வளவுதான்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ். எல்லா மாணவருக்கும் ஐபேட் என்று 2013-ல் கிளம்பினார்கள். மொத்தத் திட்டம் 130 கோடி டாலர். கொஞ்ச நாளிலேயே பிள்ளைகள் பூட்டை உடைத்து வேண்டியதைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அடுத்த ஆண்டே திட்டம் நின்றது.

நம் நாட்டில் 2011 அக்டோபரில் ‘ஆகாஷ்’ வந்தது ஞாபகம் இருக்கிறதா? உலகத்திலேயே மலிவான டேப்லட், இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் என்று தலைப்புச் செய்தி. இப்போது எங்கே என்று கேட்டால் ஆகாயத்தைத்தான் காட்ட வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஒரு சோதனை நம் பக்கத்திலேயே நடந்தது. சுகதா மித்ரா 1999-ல் டெல்லி கல்காஜியில், குடிசைப் பகுதியை ஒட்டிய ஒரு சுவரில் ஓட்டை போட்டு கம்ப்யூட்டரை வைத்தார். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பிள்ளைகள் தாங்களே கற்றுக்கொண்டார்கள். பிறகு புதுச்சேரிப் பக்கம் காளிக்குப்பத்தில், தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளைகள் முன்னால் ஆங்கிலத்தில் டி.என்.ஏ. பற்றிய பாடத்தை வைத்தார். அவர் சொல்லும் கணக்குப்படி, ஒன்றுமே தெரியாமல் இருந்தவர்கள் தாங்களாகவே 30 சதவிகிதம் வரை வந்தார்கள். பிறகு உள்ளூர்ப் பெண் ஒருவரைக் கூட இருக்கச் சொன்னார். அவருக்கு உயிரியல் தெரியாது. பின்னால் நின்று “அட, அது என்னது? எப்படிப் பண்ணீங்க?” என்று கேட்பது மட்டுமே அவர் வேலை. மதிப்பெண் 50-க்குப் போனது.

மித்ராவின் முடிவுகளை ஏற்காத கல்வியாளர்கள் இருக்கிறார்கள். பல இடங்களில் சுவர்க் கம்ப்யூட்டர்கள் பாழடைந்தன, பெரிய பையன்கள் பிடித்துக்கொண்டார்கள் என்ற விமர்சனமும் உண்டு. அந்த விமர்சனத்துக்குப் பிறகு வருகிறேன். இப்போதைக்கு ஒன்று கவனியுங்கள். பிற்பாடு பள்ளிகளுக்கு அவர் சொன்ன முறையில் நாலு பிள்ளைகளுக்கு ஒரு கம்ப்யூட்டர்தான். ஆளுக்கு ஒன்று கொடுத்தால் பேச்சு நின்றுவிடும். பேச்சு நின்றால் படிப்பும் நின்றுவிடும்.

கொரோனா காலத்தை மறந்துவிட்டோமா? 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்தன. வீட்டில் ஒரு போன். அது அப்பாவோடு வேலைக்குப் போனது. மிச்ச நேரம் அண்ணனுக்கு. தங்கச்சிக்கு? அப்புறம் ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தது. சாயந்திரம் கோயில் மண்டபத்தில், வீட்டுத் திண்ணையில், அதே தெருவில் இருக்கும் ஓர் அக்கா இருபது பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். தமிழ்நாட்டில் சுமார் 19 ஆயிரம் குழந்தைகளைச் சோதித்து அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் ஆராய்ந்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்தில், இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அப்படி மீண்டதில் ஏறத்தாழ கால்வாசிக்கு இல்லம் தேடிக் கல்வி காரணம் என்று கண்டார்கள். கூடி உட்கார்ந்ததன் பலன் அது.

*

“சரி சார், நாலு பேருக்கு ஒன்று கொடுத்தால் மூணு பேர் வேடிக்கை பார்ப்பான், ஒருத்தன் தட்டுவான்” என்கிறீர்கள். நியாயமான பயம். சும்மா நாலு பேரைச் சேர்த்து உட்காரவைத்தால் அதுதான் நடக்கும். டெல்லிச் சுவரில் பெரிய பையன்கள் செய்ததை வகுப்பில் வாட்டசாட்டமான பையன் செய்வான். பெண் பிள்ளைகள் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும்.

கூட்டுக் கற்றல் என்றால் கூட்டமாக உட்காருவது இல்லை. ஒருவர் வேலை இல்லாமல் மற்றவர் வேலை முடியாது என்கிற மாதிரி வேலையைப் பிரிக்க வேண்டும். 1971-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளைக்காரப் பிள்ளைகளும் அப்போதுதான் ஒரே வகுப்பில் சேர்ந்து, தினமும் அடிதடி. எலியட் அரான்சன் என்ற உளவியல் பேராசிரியர் ஒரு வழி கண்டார். பாடத்தைத் துண்டு துண்டாக வெட்டி, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். ஒவ்வொருவரும் தன் துண்டைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். பிடிக்காத பையனாக இருந்தாலும் அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால்தான் பரீட்சையில் பாஸ். சண்டை குறைந்தது. படிப்பும் ஏறியது.

இதைப் புதுக்கோட்டையில் எப்படிச் செய்வது? ரொம்ப சுலபம். அந்த மாவட்டம் முழுக்கக் கண்மாய்களும் ஊரணிகளும். ஏழாம் வகுப்புக்கு ‘எங்கள் ஊர்க் கண்மாய்’ என்று ஒரு வேலை கொடுங்கள். ஒரு பெண் மடையையும் கலிங்கையும் போட்டோ எடுக்க வேண்டும். ஒரு பையன் ஊர்ப் பெரியவரிடம், முன்பெல்லாம் தண்ணீர் எப்படி முறை வைத்துப் பாய்ச்சினார்கள் என்று கேட்டு ஒலிப்பதிவு செய்ய வேண்டும். மூன்றாவது ஆள் கயிறு பிடித்துக் கரையை அளக்க வேண்டும். நான்காவது ஆள் இதையெல்லாம் வைத்துப் படம் வரைய வேண்டும். டேப்லட் ஒன்றுதான். அது கை மாறிக்கொண்டே இருக்கும். அளவு தப்பானால் படம் தப்பாகும். பெரியவர் பேச்சு பதிவாகவில்லை என்றால் கதையே இல்லை. ஒருத்தர் சொதப்பினால் நாலு பேருக்கும் தெரியும். ஒருத்தர் தூங்க முடியாது.

மூன்றாம் வகுப்புக்கு இன்னும் சின்னதாக. நாலு பேரும் ஒரு கதையை முறைவைத்து வாசித்துப் பதிவு செய்யட்டும். திரும்பப் போட்டுக் கேட்கட்டும். “டேய், நீ வாளைப்பளம்னு சொல்றடா!” என்று ஒன்று சிரிக்கும். “நீ மட்டும் என்ன, புள்ளியை முழுங்கிட்டே” என்று இன்னொன்று பதில் சொல்லும். தன் குரலைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்ளும் வசதியை எந்தக் கரும்பலகையும் தராது. டேப்லட் தரும். ஆனால் ‘தப்பு’ என்று சொல்லப் பக்கத்தில் ஒரு சிநேகிதன் வேண்டும்.

இதற்கு விதிகள் மூன்றே மூன்று. எல்லோர் கையும் ஒரு தடவை படும்வரை யார் கையும் இரண்டாவது தடவை படக் கூடாது. வேலை முறை வாரம்தோறும் மாற வேண்டும். கேள்வி கேட்கும்போது ஆசிரியர் குழுவில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம், அவர் பதில்தான் நாலு பேர் பதில். இந்த மூன்றாவது விதி இருந்தால், கெட்டிக்காரப் பையன் தன் பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லிக்கொடுத்தே தீர வேண்டும். “காப்பி அடிப்பார்களே” என்ற பயமும் அதிலேயே போய்விடும்.

*

இப்போது, இதைச் சொல்லப் புதுக்கோட்டையை நான் ஏன் பிடித்தேன் என்பதற்கு இரண்டாவது காரணம். இது சைக்கிள் மாதிரி சந்தோஷமானது இல்லை.

2022 டிசம்பரில் அதே மாவட்டத்தில், வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. விசாரிக்கப் போன அதிகாரிகள், பக்கத்து இறையூரில் டீக்கடையில் இரட்டை டம்ளர் இருப்பதைக் கண்டார்கள். கோயிலுக்குள் விடுவதில்லை என்ற புகாரைக் கேட்டு, கலெக்டரே மக்களை உள்ளே அழைத்துப்போக வேண்டியிருந்தது. அது 2022, சார். 1922 இல்லை.

அடுத்த வருடம் ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்டான். வெட்டியவர்களும் பள்ளி மாணவர்கள். அதற்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டார்கள். 2024 ஜூனில் வந்த அறிக்கையில் ஒரு பரிந்துரை: வகுப்பில் பிள்ளைகளை அகர வரிசைப்படி உட்கார வையுங்கள். கையில் கட்டும் கயிறு வேண்டாம் என்பதைப் பற்றி நாம் வாய் வலிக்கச் சண்டை போட்டோம். உட்காரும் வரிசையைப் பற்றி யாரும் பேசவில்லை.

நான் பேசுகிறேன். அகர வரிசைப்படி நாலு பேரை உட்கார வையுங்கள். நடுவில் ஒரு டேப்லட்டை வையுங்கள். என்ன ஆகும்? தலைகள் முட்டிக்கொள்ளும். ஒருவர் விரல் பட்ட திரையில் இன்னொருவர் விரல் படும். “தள்ளு, எனக்குத் தெரியலை” என்று தோளில் தோள் இடிக்கும். தொட்டிக்கும் டம்ளருக்கும் தனிக்கணக்கு வைத்திருக்கிற ஊரில் இது சாதாரண விஷயமா? ஆளுக்கு ஒரு டேப்லட் கொடுத்தீர்கள் என்றால், அவனவன் டம்ளரை அவனவன் கையில் கொடுத்துவிட்டீர்கள். டம்ளர் பளபளப்பாக இருக்கிறது, கம்பெனி பெயர் போட்டிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு டேப்லட் சாதியை ஒழித்துவிடும் என்று சொல்லும் அளவுக்கு நான் பைத்தியக்காரன் இல்லை. வீட்டில் ஊட்டுகிற விஷத்தைப் பள்ளிக்கூடம் முழுசாக எடுத்துவிட முடியாது. ஆனால் நாற்பது பிள்ளைகளும் ஆளுக்கொரு திரையில் தலை கவிழ்ந்திருக்கும் வகுப்பில், அந்த விஷத்தை எதிர்க்க ஒரு சந்தர்ப்பம்கூட இருக்காது.

*

மிச்சம் இருக்கும் ஆட்சேபங்களையும் பார்த்துவிடுவோம்.

‘ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு நிலையில் இருக்கிறது, அதனதன் வேகத்தில் படிக்க ஆளுக்கு ஒன்று வேண்டாமா?’ நல்ல கேள்வி. டெல்லியில் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற மென்பொருளை வைத்து நடந்த ஆராய்ச்சி இதற்கு ஆதரவாகத்தான் இருக்கிறது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். ஆனால் அந்த மையத்தில் ஒன்றரை மணி நேரம் எப்படிப் போனது தெரியுமா? பாதி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் தனியாக. பாதி நேரம் பத்துப் பதினைந்து பேராக ஓர் உதவி ஆசிரியரோடு. தனிப் பயிற்சி தேவைப்படும் பிள்ளைக்கு, முறை வைத்து அந்த ஒரு டேப்லட்டைத் தனியாகவும் கொடுக்கலாம். நாள் முழுக்கத் தனியாக இருக்க வேண்டும் என்று அந்த ஆராய்ச்சி சொல்லவில்லை.

‘பணக்காரப் பிள்ளைக்கு ஆளுக்கு ஒன்று, ஏழைப் பிள்ளைக்கு மட்டும் பங்கா?’ இதுதான் எல்லாவற்றிலும் கனமான கேள்வி. இந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், லட்சக்கணக்கில் ஃபீஸ் வாங்கும் பள்ளியிலும் நாலு பேருக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். அங்கே படிக்கும் பிள்ளைக்குத்தான் பங்கு போடத் தெரியவில்லை. வீட்டில் சொந்தமாக ஒன்று இருப்பது வேறு. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தையோ, கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்குக் கருவி தருவதாக 2025 பட்ஜெட்டில் அறிவித்ததையோ நான் குறை சொல்லவில்லை. ஒரு வீட்டுக்குள் நுழையும் முதல் கம்ப்யூட்டருக்கு மரியாதை உண்டு. பத்து வயதுப் பிள்ளைகள் உட்காரும் வகுப்பறை வேறு இடம்.

‘ஆசிரியர்களுக்குத்தான் டேப்லட் கொடுத்தாச்சே?’ ஆமாம். 2024-ல் சுமார் 80 ஆயிரம் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி தரும் வேலை நடந்தது. நல்ல காரியம். ஆனால் எமிஸ் இணையதளத்தில் பதிவு செய்தே பொழுது போகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கின்றன. வருகைப் பதிவு, அந்தக் கணக்கு, இந்தக் கணக்கு என்று தட்டிக்கொண்டே இருந்தால், அந்தக் கைக்கணினி பிள்ளைகள் பக்கம் எப்போது திரும்பும்? பதிவு வேலையைக் குறையுங்கள். கருவி தானாகப் பாய்க்கு வரும்.

பணக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். நாற்பது பேர் வகுப்புக்கு நாற்பது டேப்லட் வாங்கும் பணத்தில் பத்து வாங்குங்கள். முப்பதின் விலை மிச்சம். அந்த மிச்சத்தில் வகுப்பறைக்கு ஒழுங்கான பிளக் பாயின்ட் போடுங்கள். உடைந்தால் ரிப்பேர் செய்ய வட்டாரத்துக்கு ஓர் ஆளை நியமியுங்கள். 2018 முதல் நம் பாடப்புத்தகத்தில் கியூஆர் கோடு இருக்கிறது. டவர் கிடைக்காத கிராமத்தில் அது வெறும் கோலம். பாடங்களை டேப்லட்டுக்குள்ளேயே ஏற்றிக் கொடுங்கள். கூட்டுக் கற்றலை எப்படி நடத்துவது என்று ஆசிரியர்களுக்கு, அவர்களையே குழுவாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள். ஸ்பீக்கர் போட்டு லெக்சர் அடித்துக் கூட்டுக் கற்றலைக் கற்பிக்கும் கொடுமை இங்கே மட்டும்தான் நடக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அடுத்த முறை உங்கள் பிள்ளையின் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். “எங்கள் பள்ளியில் எல்லோருக்கும் டேப்லட்” என்று தலைமை ஆசிரியரோ தாளாளரோ பெருமையாகச் சொல்வார். கை தட்டுவதற்கு முன்னால் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

“சார், எங்க பிள்ளை இதை யாரோட சேர்ந்து படிக்கும்?”

பதில் சொல்ல அவர் திணறினார் என்றால், அந்தப் பள்ளி வாங்கியிருப்பது மாத்திரைதான்.